புதன்கிழமைத் தட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வரிசை

நிஷிகசாய்

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வட்டத்தில் இருக்கிறது நிஷிகசாய். கணினி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் அதிகம் குடியிருக்கும் இடம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் துவரம்பருப்பு கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், தமிழில் சண்டை போடும் குழந்தைகளின் குரலும் கேட்கும். 2019 ஜூன் கடைசி வாரம் அங்கே என் அக்கா மகள் வீட்டில் போய் இறங்கினேன். சென்னையில் செம்பரம்பாக்கமும் பூண்டியும் வறண்டு, லாரித் தண்ணீருக்கு டோக்கன் வாங்கிக் காத்திருந்த கோடை அது. இங்கே குழாயைத் திறந்ததும் கொட்டிய தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தது திங்கட்கிழமை. இரவு பதினொரு மணிக்கு மேல் அக்கா மகள் தொலைக்காட்சியைப் போட்டாள். செய்தி. கோட்டு அணிந்த ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். "சித்தி, இவர்தான் சகுராய் ஷோ. நாளைக்கு நாம வாங்கப் போற ஆல்பத்துல ராப் பாடுறவர்." பாய்ஸ் பேண்ட் என்றால் கலைந்த தலையும் பளபளச் சட்டையும்தான் என் நினைவில் இருந்தது. இவரோ 2006 முதல் திங்கள் இரவுகளில் தேசியத் தொலைக்காட்சியில் செய்தி தந்து வந்தார். அவர் குழுவில் இருக்கும் நினோமியா கசுனாரி, கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஈவோ ஜிமா' படத்தில் நடித்தவர். மட்சுமோட்டோ ஜுன் நடித்த 'ஹானா யோரி டாங்கோ' தொடரை சப்டைட்டிலோடு கல்லூரி விடுதியில் பார்த்துத்தான் அக்கா மகள் ஜப்பானிய மொழி படிக்கவே போனாள். ஓனோ சதோஷி, அய்பா மசாகி ஆகியோரையும் சேர்த்தால் ஐவர். குழுவின் பெயர் அராஷி. அப்போது அவர்களுக்கு 35 முதல் 38 வயது. பையன்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, நாட்டுக்கு இல்லை.

1999 செப்டம்பரில் ஹவாயின் ஹொனலூலுவில், கடலில் ஒரு கப்பலில் வைத்து அறிவிக்கப்பட்ட குழு இது. நவம்பர் 3 அன்று முதல் பாட்டு வெளிவந்தது. அந்த ஆண்டின் உலகக் கோப்பைக் கைப்பந்துப் போட்டிக்கான பாட்டு. இருபது ஆண்டுகளை நெருங்கும் நேரத்தில், 2019 ஜனவரி 27 அன்று ஐவரும் மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, அடுத்த ஆண்டு டிசம்பர் 31-உடன் குழுவாக இயங்குவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தலைவரான ஓனோவுக்குக் கொஞ்ச காலம் இந்த உலகத்தை விட்டு விலகி வாழ வேண்டுமாம். அதை அவர் மற்ற நால்வரிடம் 2017-லேயே சொல்லியிருக்கிறார். ஒருவர் போனால் மீதி நால்வர் தொடர்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்த அறிவிப்புக்குப் பின் வரும் முதல் பெரிய வெளியீடுதான் '5×20 ஆல் தி பெஸ்ட்!! 1999–2019'. நான்கு சி.டி. முதல் பாட்டிலிருந்து அதுவரையிலான சிங்கிள்களின் தலைப்புப் பாடல்கள் 64, அதோடு ஐவரும் சேர்ந்து வரிகள் எழுதிய '5×20'. அதாவது, ரசிகர்கள் ஏற்கெனவே தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் ஏறக்குறைய முழுவதும்.

"எல்லாம் உங்கிட்ட இருக்கிற பாட்டுதானேடி?"

"ஆமா சித்தி."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை.

ஷிபுயா

வெளியீடு ஜூன் 26, புதன்கிழமை. ஆனால் கடைக்குச் சரக்கு முந்தின நாளே வந்துவிடும், வந்ததும் அடுக்கி விற்கத் தொடங்கிவிடுவார்கள். இது ஊரறிந்த வழக்கம். ரசிகர்கள் அதை 'ஃபுராகே' என்கிறார்கள். அலுவலகத்தில் மதியம் வரை விடுப்புச் சொல்லிவிட்டு அக்கா மகள் என்னை ஷிபுயாவுக்கு அழைத்துப் போனது செவ்வாய்க்கிழமை காலை.

ஷிபுயா நாற்சந்தியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராதது சத்தம். கட்டடங்களின் நெற்றியில் இருக்கும் திரைகள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஒரு விளம்பரத்தைப் பாடுகின்றன. அதற்கு நடுவில், நான்கு பக்கமும் போஸ்டர் ஒட்டிய நீளமான லாரிகள், விற்க ஒரு பொருளும் ஏற்றாமல், புது ஆல்பத்தின் பாட்டை மட்டும் போட்டபடி திரும்பத் திரும்ப வட்டமடிக்கின்றன. சிக்னலில் லாரி நின்றால் பத்துப் பதினைந்து பெண்கள் நடைபாதை விளிம்புக்கு வந்து படம் எடுக்கிறார்கள். விளக்கு பச்சையானதும் கைபேசியை இறக்கிவிட்டுத் தலை குனிந்து நடக்கிறார்கள். ஒருவர்கூட லாரியின் பின்னால் ஓடவில்லை.

இந்தத் தெருக்களுக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1998-இல் ரஜினியின் 'முத்து' மாதக்கணக்கில் ஓடிய சினிமா ரைஸ் அரங்கம் இங்கேதான் ஒரு சரிவுத் தெருவில் இருந்தது. 2016-இல் மூடிவிட்டார்கள். அன்று ரஜினிக்காக வரிசையில் நின்ற ஜப்பானியப் பெண்களைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இங்கே தட்டு வாங்க நின்ற வரிசையைப் பார்த்தபோதுதான் அவர்களுக்கு அது எவ்வளவு சாதாரணம் என்று எனக்குப் புரிந்தது. முதல் நாள் முதல் காட்சிக்கு நம் ஊரில் தாரை தப்பட்டையும் பாலும் தேங்காயும் உண்டு. இங்கே அத்தனை பரபரப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகிலிருந்து ஒரு முழம் தள்ளி, குடையை மடக்கி அதற்கென்று தரும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

டவர் ரெக்கார்ட்ஸ் கடை மஞ்சள் கட்டடம், தரையிலிருந்து உச்சி வரை இசைத்தட்டு. அமெரிக்காவில் பிறந்த இந்தக் கடைச் சங்கிலி அங்கே 2006-இல் திவாலாகிப் போனது. அதற்குள் தனியாகப் பிரிந்துவிட்டிருந்த ஜப்பான் கிளை இன்னும் தழைத்து நிற்கிறது. எப்படி என்று நான் கேட்டதற்கு அக்கா மகள் ஒரு சி.டி.யைத் திருப்பி விலையைக் காட்டினாள். நூல், இதழ், செய்தித்தாள் போல இசைத்தட்டுக்கும் வெளியிடுபவர் வைத்ததே விலை. எந்தக் கடையும் தள்ளுபடி போட்டு விற்க முடியாது. போட்டிச் சட்டத்திலேயே இதற்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதனால் பெரிய கடை சின்னக் கடையை விலையால் நசுக்க வழியில்லை. போட்டியெல்லாம் இலவச இணைப்பில்தான். இந்தக் கடையில் பிளாஸ்டிக் ஃபைல், அந்தக் கடையில் அஞ்சலட்டை, இன்னொன்றில் சுருட்டிய போஸ்டர் என்று இருக்கும். எதை எங்கே வாங்குவது என்பதற்கு ரசிகைகளிடம் அட்டவணை இருக்கிறது. வாரம் முழுவதும் என்ன விற்றது என்று ஒரிகான் நிறுவனம் கணக்கெடுத்துப் பட்டியல் போடும். அந்தப் பட்டியலின் முதல் இடம் தங்கள் கையில் இருப்பதாக வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் நம்பினார்கள். அதில் உண்மையும் இருந்தது.

ஆல்பம் மூன்று வகையாக வந்தது. சாதாரணப் பதிப்பு ஒன்று, டி.வி.டி.யோடு வரும் வரம்புப் பதிப்பு இரண்டு. வரம்புப் பதிப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். சாம்பல் நிறச் சேலைத் துணி போன்ற மெல்லிய மேலாடை, மணிக்கட்டில் பச்சை நிறத் தலைமுடி வளையம். பச்சை என்றால் அய்பா. நீலம் ஓனோ, சிவப்பு சகுராய், மஞ்சள் நினோமியா, ஊதா மட்சுமோட்டோ. அந்த அம்மாள் மூன்று பதிப்பையும் வாங்கினார். கல்லாவில் இருந்த பெண் இரண்டு கையாலும் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, முகப்பு, முதுகு, நான்கு மூலை என்று திருப்பிக் காட்டி, சரிதானா என்று கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் பையில் போட்டாள். அந்த அம்மாள் விரலை ஓட்டிப் பார்த்தது பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கும் காகிதப் பட்டையில். அது கிழிந்தால் பழைய பொருள் சந்தையில் மதிப்புப் போய்விடும். அதை விற்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. ஆனாலும் பார்த்தார்.

அப்போது அராஷியின் பாட்டு எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் கிடையாது. குழுவுக்கென்று யூடியூப் சேனல் இல்லை, சமூக வலைத்தளக் கணக்கும் இல்லை. 2018 வரை இணையச் செய்தித் தளங்களில் அராஷியை நடத்திய ஜானீஸ் நிறுவனத்தின் கலைஞர்கள் படத்தைப் போடவே அனுமதி கிடையாதாம். திரைப்பட விளம்பரத்தில்கூட நாயகன் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற நிழலுருவம்தான் இருந்ததாம். எல்லாவற்றையும் இலவசமாகக் கொட்டிக் கவனத்தை வாங்கும் காலத்தில், எதையும் கொடுக்காமல் பஞ்சத்தில் வைத்தே விற்றிருக்கிறார்கள்.

கடைக்கு எதிரே நின்றபடி சாப்பிடும் சோபா கடை. முள்ளங்கித் துருவல் போட்ட குளிர்ந்த நூடுல்ஸ். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பையைத் தரையில் வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஹராஜுகு

வெளியீட்டு நாளன்று ஹராஜுகு போனோம். தக்கேஷிதா தெருவின் கிரேப் கடைகளையும் பஞ்சுமிட்டாய்க் கடைகளையும் தாண்டி, நிறுவனத்தின் சொந்தக் கடை. பெயர்ப் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட முடியவில்லை. சீட்டு வாங்கி முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே விற்றது முக்கியமாகப் புகைப்படம். சுவரில் எண்ணிட்ட படங்கள். தாளில் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் அச்சிட்ட படம் கையில் வந்தது. கைபேசியில் கோடிக்கணக்கான படங்களைத் தேய்த்துத் தள்ளும் வயதில் இருக்கும் பெண்கள் ஒரு படத்தின் முன்னால் நின்று, இதுவா அதுவா என்று பத்து நிமிடம் யோசித்தார்கள். யோசிப்பதற்கு அங்கே மரியாதை இருந்தது எனக்குப் பிடித்தது.

இந்தக் கடையைப் பற்றி அன்று எழுதியிருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன். இன்று முடியாது.

இதை நடத்திய ஜானீஸ் நிறுவனம் 1962-இல் தொடங்கியது. நிறுவியவர் ஜானி கிடகாவா, லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், பௌத்தத் துறவி ஒருவரின் மகன். ஹராஜுகுவுக்கு அடுத்த யோயோகியில், அமெரிக்கப் படைக் குடியிருப்பு இருந்த மைதானத்தில் சிறுவர்களைச் சேர்த்துப் பேஸ்பால் ஆடவைத்து, அதிலிருந்து முதல் குழுவை உருவாக்கினார். அங்கிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானின் ஆண் பாட்டுக் குழுக்கள் என்றால் பெரும்பாலும் அவர் வளர்த்தவைதான். நாங்கள் அந்தக் கடை வாசலில் நின்ற நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார், வெளியே தெரியாது. ஜூலை 9 அன்று இறந்தார். நாடே துக்கம் காத்தது.

2023 மார்ச்சில் பி.பி.சி. ஆவணப்படம் வந்தது. பயிற்சிக்கு வந்த சிறுவர்களைப் பல பத்தாண்டுகளாக அவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதை அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பெயரை மாற்றிக்கொண்டு, இழப்பீடு கொடுப்பதை மட்டும் வேலையாக வைத்துக்கொண்டது. புதிய செய்தி இல்லை இது. 'ஷூகான் புன்ஷுன்' வார இதழ் 1999 அக்டோபரில் இதைத் தொடராக எழுதத் தொடங்கியது. அராஷியின் முதல் பாட்டு வந்தது அடுத்த மாதம். வழக்குப் போய், குற்றச்சாட்டின் முக்கியமான பகுதி உண்மை என்று டோக்கியோ உயர் நீதிமன்றம் 2003-இல் சொன்னது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் அது மாறவில்லை. அதன் பிறகும் தொலைக்காட்சிகள் வாய் திறக்கவில்லை. திறந்தால் நிகழ்ச்சிக்கு நட்சத்திரம் கிடைக்காது. படத்தைக்கூட வெளியே விடாமல் பூட்டிவைத்து ரசிகர்களைத் தவிக்கவிட்ட அதே பிடிதான் இதையும் மூடிவைத்தது. விற்பனை உத்தி என்று நான் ஷிபுயாவில் வியந்ததை இப்போது அந்த வியப்போடு எழுத முடியவில்லை. வரிசையில் நின்ற பெண்களின் சந்தோஷம் பொய்யில்லை என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துவிட்டு நகர்கிறேன்.

ரித்தோ

அராஷி கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்க வேண்டும் என்று சாமி கும்பிடப் போகும் ஊர் இது என்றாள் அக்கா மகள். கியோட்டோவிலிருந்து குசாட்சு வரை ஒரு ரயில், அங்கே மாறினால் அடுத்த நிலையம் தெஹாரா. ஷிகா மாநிலம். வழியெல்லாம் நடவு முடிந்த வயல், தண்ணீர் நிற்கும் பாத்திகள். பக்கத்திலேயே பிவா ஏரி. ஜப்பானின் மிகப் பெரிய ஏரி, சுமார் 670 சதுர கிலோமீட்டர். கியோட்டோ, ஒசாகா, கோபே மூன்றும் குடிப்பது இதன் தண்ணீர். அன்று காலையில்தான் செய்தி பார்த்திருந்தோம். கின்கி, சுகோகு, சிகோகு, வடக்குக் கியூஷு பகுதிகளில் மழைக்காலம் தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை முந்தின நாள், ஜூன் 26 அன்று அறிவித்திருந்தது. 1951-இல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு தாமதமாக வந்ததில்லையாம். ஆல்பம் வந்த அதே நாள். அராஷி என்றால் புயல். அக்கா மகளும் அவள் தோழிகளும் அன்றைக்கு முழுக்கக் கைபேசியில் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

தெஹாராவில் டாக்சிதான். ஓட்டுநருக்கு எழுபது வயது இருக்கலாம், வெள்ளைக் கையுறை. எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "யார்?" என்று மட்டும் கேட்டார். அக்கா மகள் "ஊதா" என்றாள். "போன வாரம் ஊதா குறைச்சல். நீலம்தான் அதிகம்" என்றார். ஓனோ சதோஷியின் பெயரில் உள்ள அதே ஓனோ நாங்கள் போகும் கோயிலின் பெயரிலும் இருக்கிறது. அவ்வளவுதான் தொடர்பு. அதற்காக ஹொக்கைடோவிலிருந்துகூட ஆள் வருகிறார்கள் என்றார். இந்த ஊர் முன்பெல்லாம் பந்தயக் குதிரைக்குத்தான் பெயர் பெற்றது. 1969-இல் திறந்த குதிரைப் பயிற்சி மையம் இங்கே இருக்கிறது. அவர் வண்டியில் ஏறுபவர்கள் ஒன்று குதிரைக்காரர்கள், இல்லாவிட்டால் அராஷிக்காரர்கள். "குதிரைக்காரங்க தோத்தா பேச மாட்டாங்க. இவங்க தோத்தாதான் பேசுவாங்க." டிக்கெட் குலுக்கலில் தோற்பதைச் சொல்கிறார்.

தோற்பவர்கள்தான் அதிகம். ரசிகர் மன்ற உறுப்பினராக இருந்தால் குலுக்கலில் பெயர் போட முடிந்தது. கிடைத்தால் ஒரு காட்சி. அரங்க வாசலில் முகத்தைக் கருவியிடம் காட்டினால்தான் உள்ளே விட்டார்கள். டிக்கெட்டைக் கைமாற்றி விற்பதைத் தடுக்க அந்த ஏற்பாடு. 2018 நவம்பரில் தொடங்கிய '5×20' சுற்றுப்பயணம் ஐந்து டோம் அரங்கங்களில் 50 காட்சி நடந்து, 2019 டிசம்பர் 25 அன்று முடிந்தது. 23 லட்சத்து 75 ஆயிரம் பேர் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய எண்ணிக்கைக்குப் பிறகும் அக்கா மகளுக்கு ஒரு இடம் விழவில்லை.

ஓனோ கோயில் மலையடிவாரத்தில், உயரமான மரங்களுக்கு நடுவே இருக்கிறது. முகப்பில் பழைய இரண்டடுக்கு மரவாயில், அரசு பாதுகாக்கும் பண்பாட்டுச் சொத்து. அதைத் தாண்டியதும் வேண்டுதல் பலகைகள் தொங்கும் சட்டம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மரப் பலகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, காற்றுக்குக் கடகடவென்று இடித்துக்கொள்கின்றன. படிப்பு, சுகப்பிரசவம், வீடு என்று வழக்கமான வேண்டுதல்கள் ஓரத்தில். நடுவில் முழுக்க ஐந்து நிற எழுத்து. டோக்கியோ டோம் கிடைக்கட்டும். மூன்றாம் வரிசை வேண்டாம், கூரைக்குப் பக்கத்தில் கிடைத்தாலும் போதும். ஐந்து பேரும் நன்றாகத் தூங்கட்டும்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் மர பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மாமியார் மஞ்சள், மருமகள் சிவப்பு. ஒரே பலகையில் நடுவில் கோடு போட்டுப் பாதிப் பாதி. முதலில் பென்சிலால் எழுதி, மேலே நிறப் பேனா ஓட்டி, காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழித்து, துகளை உள்ளங்கையில் சேர்த்து மருமகள் தன் பையில் போட்டுக்கொண்டாள். கடைசியில் பெயரும் ஊரும் எழுதிய இடத்தின் மேல், பிறர் படிக்காமல் இருக்க ஒரு ஸ்டிக்கர். சாமிக்குத் தெரிந்தால் போதுமே. சமையல், குழந்தை வளர்ப்பு, தொலைக்காட்சி எதிலும் தங்களுக்குள் ஒத்துப்போகாது என்று அந்த மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆல்பம் வாங்கினீர்களா என்றதற்கு, வீட்டுக்கு ஆறு பெட்டி வந்தது என்றார். ஆளுக்கு மூன்று.

அன்றிரவு குசாட்சுவில் ஃபுனாசுஷி சாப்பிட்டேன். பிவா ஏரிக் கெண்டையை உப்பில் ஊறப்போட்டு, பிறகு சோற்றில் புதைத்து ஓராண்டுக்கு மேல் புளிக்கவிடுவது. மெல்லிய துண்டு, உள்ளே ஆரஞ்சு நிற முட்டை. வாயில் வைத்ததும் புளிப்பு மூக்குக்கு ஏறியது. அக்கா மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். நான் இரண்டாவது தட்டு கேட்டதில் கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். அரைக் குவளை சாக்கேயைத் தன் கணக்கில் ஊற்றினார்.

கோபே

ஒசாகாவை ஜி20 மாநாடு பிடித்துக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் அறைகளுக்குப் பூட்டு, குப்பைத் தொட்டிகளுக்கு முத்திரை, இருபது அடிக்கு ஒரு போலீஸ்காரர். நிற்காமல் கோபே போய்விட்டோம். அங்கே சன்னோமியாவில் காப்பிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், மோடியைப் பார்க்கவா வந்தீர்கள் என்று கேட்டார். முந்தின நாள்தான் இந்திய வம்சாவளியினர் கூட்டத்தில் மோடி பேசியிருந்தார். இல்லை, நினோமியா என்றேன். அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இகுதா பெருங்கோயிலைச் சுற்றி ஒன்று முதல் எட்டு வரை வரிசை எண்ணையே பெயராகக் கொண்ட சிறு கோயில்கள் இருக்கின்றன. இரண்டாவதன் பெயர் நினோமியா. குடியிருப்புகளுக்கு நடுவில், நம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் அளவு அமைதியான இடம். இங்கேயும் பலகைகள், மஞ்சள் மை. நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. மழை.

இதோஷிமா

ஷின்-கோபேயில் ஏறி ஹகாட்டாவில் இறங்கி, ஃபுகுவோகாவுக்கு மேற்கே இதோஷிமா தீபகற்பம். சகுராய் கோயில் 1632-இல் ஃபுகுவோகாவின் இரண்டாம் பிரபு குரோதா ததயுகி கட்டியது. ஷோவின் பெயரில் இருக்கும் சகுராயும் இதுவும் ஒரே எழுத்து என்பதால், ரித்தோவில் பார்த்த அதே முகங்களில் இரண்டை இங்கேயும் பார்த்தோம். தலையசைத்துக்கொண்டோம். கோயிலுக்குச் சொந்தமான கடற்கரை கொஞ்சத் தூரத்தில். கடலுக்குள் வெள்ளைத் தோரண வாயில், அதற்குப் பின்னால் தடித்த வைக்கோல் கயிற்றால் கட்டிய இரண்டு பாறைகள், கணவன் மனைவியாம். கோடைச் சூரியத் திருப்பத்தையொட்டி இந்த இரண்டு பாறைக்கும் நடுவில் சூரியன் இறங்கும் என்று படம் எடுக்க வருவார்கள். நாங்கள் போன அன்று சூரியனும் இல்லை, படம் எடுப்பவர்களும் இல்லை. சாம்பல் கடல், சாம்பல் வானம், ஆளுயரத்துக்கு எழும்பி வாயிலின் காலில் உடையும் அலை.

கரைக்கு எதிரே இருந்த கடையில் சுட்ட கணவாயும் உப்பு தூவிய ஐஸ்கிரீமும். கடை நடத்துபவர் முன்னாள் மீனவர். வருடா வருடம் இந்தப் பெண்கள் வருவதால் ஐவர் பெயரும் அவருக்கும் மனப்பாடம். பாட்டுக் கேட்டதுண்டா என்றேன். "காரில் ஒரே ஒரு தட்டுதான் ஓடும், அது என்கா" என்றார். துக்கப்பாட்டுக்குப் பெயர் போன பழைய பாணி. ஆனால் குழு நிற்கப் போகிறது என்று ஜனவரியில் கேட்டபோது மனைவியிடம் சொன்னாராம்: ஐவரும் சண்டை போடாமல் நிற்கிறார்கள், படகில் ஐந்து பேர் இருபது வருஷம் அப்படி இருந்ததை நான் பார்த்ததில்லை.

எனக்கு அதுவரை தட்டு வாங்குவதன் காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. 64 பழைய பாட்டை இவ்வளவு பேர் மறுபடி காசு கொடுத்து வாங்குவது பாட்டுக்காக இருக்க முடியாது. அக்கா மகள் பெட்டியின் பட்டையை இன்னும் கிழிக்கவே இல்லை. பேருந்தில் திரும்பும்போது அவளே சொன்னாள்: "ஒருத்தர் ரிட்டையர் ஆனா ஆபீஸ்ல கவர் வச்சு சுத்துவாங்கல்ல சித்தி, எல்லாரும் ஆளுக்கு அம்பது நூறு போடுவாங்க. அது மாதிரி வச்சுக்கோங்க. நான் போட்டது என் நூறு ரூபா."

முதல் வாரத்தில் மட்டும் 13 லட்சத்து 4 ஆயிரம் விற்றதாக ஒரிகான் கணக்குச் சொன்னது. மறு ஆண்டு மார்ச்சில் சர்வதேச இசைத்தட்டுத் தொழில் கூட்டமைப்பு, 33 லட்சம் விற்று 2019-இல் உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் இதுதான் என்று அறிவித்தது. இரண்டாவது இடம் டெய்லர் ஸ்விஃப்டின் 'லவர்', 32 லட்சம். கிட்டத்தட்ட முழுவதும் ஒரே நாட்டில் விற்ற ஒரு தொகுப்பு, உலகம் முழுக்க விற்றதை முந்திவிட்டது.

சென்னை

எனக்கென்று அவள் வாங்கித் தந்த சாதாரணப் பதிப்பு பெட்டியில் பத்திரமாக வந்து சேர்ந்தது. போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை. மடிக்கணினியில் தட்டு நுழைக்கும் வாயே கிடையாது. தெருவில் தெரிந்த கடைகளில் கேட்டேன். பிளேயர் விற்று நாளாகிவிட்டது என்று சிரித்தார்கள்.

நவம்பர் 3, இருபது ஆண்டு நிறைந்த நாள். அன்றோடு அராஷியின் 64 பாட்டும் ஸ்ட்ரீமிங்கில் வந்துவிட்டன. கூடவே 'டர்னிங் அப்' என்று ஒரு புதுப் பாட்டு. இத்தனை ஆண்டு காத்த பூட்டைக் கழற்றிவிட்டார்கள். அடுக்களையில் வேலை செய்தபடி முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டேன். 1999-இல் இளங்குரல் பையன்களாகத் தொடங்கி, கேட்கக் கேட்க வயசாகிக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு பத்துப் பாட்டு ஒன்றுபோலவே இருந்தது.

அக்கா மகளைக் கூப்பிட்டேன். "இப்ப சும்மாவே கேக்கலாமாமே, எதுக்குடி மழையில வரிசைல நின்னோம்?"

"அதை விடுங்க சித்தி. ரெண்டாவது வரம்புப் பதிப்பு நான் அன்னிக்கு வாங்காம விட்டேன்ல? நாகானோல ஒரு பழைய கடையில இருக்காம், பட்டை கிழியாம. சனிக்கிழமை போறேன்."

"அதுல என்ன இருக்கு?"

"வேற டி.வி.டி. இருக்கு. பிளேயரும் சேத்து வாங்கிடப் போறேன்."

2020 டிசம்பர் 31 அன்று, சொன்னபடியே குழு ஓய்வுக்குப் போனது. 2025 மே மாதம், அடுத்த ஆண்டு வசந்தத்தில் ஒரு சுற்றுப்பயணம், அதோடு முழுவதும் முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அரை மணியில் அக்கா மகளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி: தெஹாராவில் அந்த டாக்சி தாத்தா இன்னும் ஓட்டுகிறாரா என்று யாரிடம் கேட்பது?